பதினாறு முறை அழைத்தால்

புயல் எச்சரிக்கை காலை பதினொன்று பத்துக்குப் போனது. பதினொன்றரை ஆனபோது, கடலில் இருந்த முப்பத்துநான்கு படகுகளில் ஒன்பது மட்டுமே ‘கேட்டது’ என்று பதில் அனுப்பியிருந்தன.

ஜெனோவா திரையைப் புதுப்பித்தாள். ஒன்பதுதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் புதுப்பித்தாள். மற்ற இரண்டு பொறியாளர்களையும் மீன்வளத் துறை போன மாதமே திரும்ப அழைத்துக்கொண்டுவிட்டதால், நான்கு நாட்களாக இரவும் பகலும் சங்கக் கட்டடத்தின் அந்த அறையில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே கிழக்கிலிருந்து கொண்டல் காற்று இன்னும் சாதுவாகத்தான் வீசியது. ஆனால் கடலில் கிடக்கும் பத்தாம் மிதவையின் காற்றழுத்தமானி காலையிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. மாலை ஐந்து மணிக்குள் புயல் மீன்பிடிப் பரப்பைத் தொடும்.

மீனவர் சங்கச் செயலாளர் இஞ்ஞாசி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, படகுகளில் இருக்கும் பெட்டிகள் கெட்டுவிட்டனவா என்று கேட்டார்.

“கெடல மாமா. நான் எழுதுன மாதிரியே வேல செய்யுது. தூங்குது.”

புன்னைமுனையில் அந்தப் பெட்டியைக் காதுப்பெட்டி என்பார்கள். பதினெட்டு வருடங்களுக்கு முன் தாழ்வான சுற்றுப்பாதையில் இருந்த செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று மோதி, உடைந்த துண்டுகள் மற்றவற்றையும் உடைத்து, வானம் ஊமையாகிப்போனது. அதற்குப் பிறகு கரைக்கும் படகுக்கும் இருக்கும் ஒரே தொடர்பு, கடலில் வரிசையாக நங்கூரமிட்டிருக்கும் பதினொரு மிதவைகள். ஒவ்வொரு மிதவையிலும் ஒரு சூரியத்தகடு, ஒரு பேட்டரி, ஓர் உயர்ந்த கம்பம். ஒவ்வொரு படகிலும் ஒரு காதுப்பெட்டி. அதற்குள் இருப்பது சின்னக் கணினிதான். அதன் இயங்குதளத்தில் மின்சிக்கனப் பகுதியை எழுதியவள் ஜெனோவா.

பேசுவதற்குத்தான் மின்சாரம் செலவாகும், கேட்பது இலவசம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். பேசுவது ஒரு நாளில் மொத்தம் சில நிமிடங்கள். கேட்பது இருபத்துநான்கு மணி நேரமும். எப்போது சத்தம் வரும் என்று தெரியாததால் பெட்டியின் காதாகிய வலையிடைமுகம் இமைக்காமல் விழித்திருக்க வேண்டும். அப்படி விழித்திருந்தே அது படகு பேட்டரியில் கால் பங்கைத் தின்றது. மின்மோட்டார் படகுகள் வந்த புதிதில் இரண்டு படகுகள் கரைக்கு ஒன்பது மைல் இருக்கும்போது பேட்டரி தீர்ந்து நீரோட்டத்தோடு போய்விட்டன. எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்காகத்தான் ஜெனோவா அந்த விதியை எழுதினாள்: நாற்பது நிமிடம் ஒரு படகு எதையும் அனுப்பாவிட்டால், அதன் இடைமுகத்தை ஆழ்ந்த உறக்கத்தில் போடு. விதி வந்த மூன்று வருடங்களில் ஒரு படகுகூட பேட்டரி தீர்ந்து தத்தளிக்கவில்லை.

ஆழ்ந்த உறக்கத்திலும் மயிரிழை போல ஒரு மின்சுற்று மட்டும் விழித்திருக்கும். அதற்கு மொழி தெரியாது, செய்தி தெரியாது, புயல் தெரியாது. தன் முகவரி மட்டும் தெரியும். அந்த முகவரி இடைவிடாமல் பதினாறு முறை வந்தால் மற்ற பாகங்களை அது எழுப்பும். ‘எல்லோருக்கும்’ என்று வருகிற செய்திக்கு அது எழாது. எழக் கூடாது என்றுதான் அவள் வைத்திருந்தாள். ஏனென்றால் மீன் விலை, ஐஸ் நிலவரம், கோயில் அறிவிப்பு, யாரோ ஒருவரின் பிறந்தநாள் பாட்டு என்று எல்லோருக்குமான சத்தம் கடலில் ஓய்வதே இல்லை. அதற்கெல்லாம் எழுந்தால் அது உறக்கமே இல்லை.

சோதனை நாட்களில் எந்தப் பெட்டியும் ஒரு மணி நேரத்துக்குமேல் தூங்கவில்லை. படகுக்காரர்கள் வாயாடிகள். புயல் செய்தி முதலில் ஒருவரை எட்டும், அவர் அடுத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று அவள் கணக்குப் போட்டாள். அது சாதாரண நாட்களின் கணக்கு. மீன் கண்ட அன்று படகு மூச்சு விடாது. இடம் வெளியே தெரிந்துவிடும் என்று எல்லோரும் ஊமையாகிவிடுவார்கள். அவள் அப்பா செய்தார், அண்ணன் செய்கிறான். அவளுக்குத் தெரியாத விஷயமா? அறைக்குள் உட்கார்ந்து எழுதும்போது, பேசாதவன் வேலையில்லாமல் இருக்கிறான் என்று எழுதிவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து தெற்கே கணவாய் மீன் கொட்டுகிறது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எழுப்ப வேண்டியதுதான் என்று இஞ்ஞாசியிடம் சொன்னாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு நாளாக வானம் மப்பு, வெயிலே இல்லை. ஏழிலிருந்து பதினொன்று வரையுள்ள வெளி மிதவைகள் அரைப்பட்டினியில் கிடந்தன. தூங்கும் பெட்டியை எழுப்ப, மிதவை தன் முழு பலத்தோடு கத்த வேண்டும். பதினாறு அழைப்பும் சேர்ந்தது ஒரு கத்தல்; ஒரு மிதவைக்குப் பன்னிரண்டு கத்தல். அதற்குமேல் மிதவையே அணைந்துவிடும்.

“இருவத்தஞ்சு படகு. அஞ்சு மிதவை. எந்தப் படகு எங்க நிக்குன்னு தெரிஞ்சா படகுக்கு ஒரு கத்தல்ல முடியும் மாமா. தெரியாம எல்லா மிதவைலயும் கத்துனா நூத்து இருவத்தஞ்சு. நம்மகிட்ட இருக்கது அறுபது.”

“பதிவேட்டுல முகவரி இருக்குல்லா?”

இருந்தது. அவள் அதைப் பார்த்து முதல் மூன்றைக் கூப்பிட்டாள். இரண்டு எழவில்லை. மூன்றாவதற்குப் பதில் வந்தது, ஆனால் சொன்னது ஏற்கெனவே விழித்திருந்த வேறு படகு. இஞ்ஞாசி தொண்டையைக் கனைத்தார். பிறகு, தரையைப் பார்த்தபடி, இதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று இத்தனை நாள் தெரியவில்லை என்று ஆரம்பித்தார். விழித்திருக்கும் பெட்டி இருக்குமிடம் கரையில் வரைபடமாகத் தெரிகிறது அல்லவா? அதனால் மச்சான் பெட்டியை மாப்பிள்ளை படகில் வைப்பார்கள். வெளியூரில் பழைய பெட்டி வாங்கி அதைப் பூட்டுவார்கள். எந்தப் படகில் எந்தப் பெட்டி என்பது அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

ஜெனோவாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. வீட்டுப் பெண்களை வரச் சொல்லுங்கள் என்றாள்.

பன்னிரண்டரைக்குள் சங்கக் கட்டடத்தின் முன்னால் பெண்கள் கூடிவிட்டார்கள். அவள் படியில் நின்று, பெட்டி எப்படித் தூங்குகிறது, எப்படி எழும் என்று பொறுமையாகச் சொன்னாள். அவசரத்திலும் அவளால் பாதியைச் சொல்லிப் பாதியை விட முடியாது. அது அவள் பிறவிக் குணம். எதற்குப் பதினாறு முறை என்று ஒருத்தி கேட்டதற்கும் விளக்கினாள். ஒரு முறை பேர் கேட்டால் அது காற்றின் இரைச்சலாக இருக்கலாம், தற்செயலாக இருக்கலாம். பதினாறு முறை பிசகாமல் கேட்டால் அது நம்மைத்தான்.

“எங்க வீட்டுல உள்ளவரு நாப்பது தடவ கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டாரு. அதுக்கு ஒரு பெட்டி செய்யி” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. சொன்னவளும் சிரிக்கவில்லை.

பெட்டி எண்ணையும் எந்தப் பாரில் தொழில் செய்கிறார்கள் என்பதையும் சொன்னால் போதும் என்று ஜெனோவா கேட்டுக்கொண்டாள். கடலடிப் பாறைத்திட்டுகளைத்தான் பார் என்பார்கள். மீன் அடையும் பார் ஒரு குடும்பத்தின் சொத்து. அப்பன் மகனுக்குக் காதோடு சொல்வது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புயலுக்குப் பயந்து நிற்பவர்கள்தான். ஆனாலும் அடுத்த வீட்டுக்காரி காதுபட எவளும் வாய் திறக்கத் தயாரில்லை. கடைசியில் இஞ்ஞாசி ஐஸ் அறையின் கதவைத் திறந்துவிட்டு, ஒவ்வொருத்தராக உள்ளே போய் ஜெனோவாவிடம் சொல்லட்டும் என்றார். ஐஸ் அறையின் குளிரில், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது போல, இருபத்தைந்து பெண்கள் வந்து அவள் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்று இருபத்தைந்து முறை அவள் சத்தியம் செய்தாள்.

அண்ணன் ததேயுவின் மனைவி அமலோற்பவம் கடைசியாக வந்தாள். பெட்டி மாற்றவில்லை, பழையதேதான் என்றாள். எந்தப் பார் என்று அவளுக்குத் தெரியாது.

“கேட்டா சிரிப்பாவ. பொம்பள வாயில நிக்காதுன்னு.”

ஒன்றே காலுக்கு ஜெனோவா எழுப்பத் தொடங்கினாள். எண்ணைத் தட்டுவாள். பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஒரு மிதவை அந்த எண்ணைப் பதினாறு முறை அழைக்கும். சில நொடி எதுவும் நடக்காது. தூங்குகிற பெட்டி எழுந்து, தன் பாகங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பி, நேரம் சரிபார்த்து, ‘இருக்கிறேன்’ என்று சொல்ல எட்டு நொடி ஆகும். அந்த எட்டு நொடியை மூன்றாகக் குறைக்கலாம் என்று ஒரு காலத்தில் துறையோடு மல்லுக்கட்டியது நினைவுக்கு வந்தது. திரையில் ஒரு பச்சைப் புள்ளி. எச்சரிக்கையைக் கேட்ட படகு வலையை அறுத்துப் போட்டுவிட்டு மூக்கைக் கரைக்குத் திருப்பும். அடுத்த எண். ஒவ்வொரு புள்ளிக்கும் வெளியே ஒருத்தி பெருமூச்சு விட்டாள். இரண்டு மணிக்கு இருபத்துநான்கு எழுந்துவிட்டன.

மிச்சம் விடிவெள்ளி. அண்ணன் படகு.

எட்டாம் மிதவையில் கத்திப் பார்த்தாள். ஒன்பதில், பத்தில். பதில் இல்லை. பத்தாம் மிதவையில் இன்னும் இரண்டு கத்தலுக்குத்தான் பலம் இருந்தது. கரையில் நிற்கும் ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்தும் ஒரு தடவை கூப்பிடலாம் என்று நினைத்தாள். கோபுரத்துக்குக் கரை மின்சாரம், செலவு இல்லை. அத்தனை தூரம் எட்டாது என்று தெரிந்தும் தட்டினாள்.

எட்டாவது நொடியில் பச்சைப் புள்ளி வந்தது.

பக்கத்தில் நின்ற அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டாள். இஞ்ஞாசி வெளியே போய்ச் சொல்லக் கிளம்பினார். ஜெனோவா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பதில் வந்த அலையின் பலம் திரையில் முழுக்கோட்டில் நின்றது. கடலிலிருந்து வரும் எந்தப் பதிலும் முழுக்கோட்டைத் தொட்டதே இல்லை.

“மதினி, வீட்டுல யாரு இருக்கா?”

“ஒருத்தருமில்ல. பூட்டிட்டுல்லா வந்தேன்.”

“பெட்டி வீட்டுல இருக்கு.”

அமலோற்பவம் அவளைப் பார்த்தாள். புரிய அவளுக்கும் ஏழெட்டு நொடி ஆனது.

“திங்கக்கிழம ஒங்கண்ணன் பரண்ல ஏறுனாவ. எலி புடிக்கப் போறேன்னாவ” என்றாள். பிறகு மெதுவாக, “ஒன்ன நம்பாம இல்ல ஜெனோவா. போன வருசம் எங்க பாருக்கு காஸ்பரு வந்து நின்னதுலருந்து, வரைபடம் பாத்து யாரோ சொல்லிருக்கான்னு அவுகளுக்கு ஒரு எண்ணம். வரைபடத்துக்கு முன்னால நீதான இருக்க?”

“அப்ப நம்பலதான மதினி.”

நாலு தெரு தள்ளி, பூட்டிய வீட்டுப் பரணில், ஒரு பழைய வலைச்சாக்குக்குள் கிடந்துகொண்டு அந்தப் பெட்டி இப்போது புயல் எச்சரிக்கையை உரக்க வாசித்துக்கொண்டிருக்கும்.

விடிவெள்ளியில் ஆறு பேர். அவர்களை எழுப்ப உலகத்தில் எந்த முகவரியும் இல்லை. ஆறு பேரும் கணவாய் அள்ளுகிற சந்தோஷத்தில் வானத்தைப் பார்த்து, வெறும் மப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இஞ்ஞாசிதான் முதலில் காஸ்பர் பேரை மறுபடியும் எடுத்தார். ததேயு எங்கே நிற்பான் என்று தெரிந்த ஒருவன் இருந்தால் அவன் காஸ்பர்தான். ஆனால் சொல்ல மாட்டான் என்றார். அவருக்குக் காரணம் தெரியும், ஜெனோவாவுக்கும் தெரியும். அடுத்தவனைப் பின்தொடர்ந்து அவன் பாரைப் பிடித்தவன் படகைப் புன்னைமுனைக் கரையில் யாரும் தொட மாட்டார்கள். அலையிலிருந்து மணலுக்கு இழுத்துவிட ஒரு கை வராது. போன வருடம் கோயில் கூட்டத்தில் ததேயு குற்றம் சொன்னபோது, வழி தவறித்தான் வந்தேன் என்று காஸ்பர் சத்தியம் செய்து தப்பியிருந்தான்.

காஸ்பரின் படகு சந்தியாகப்பர், எழுந்த படகுகளில் ஒன்று. ஒன்பதாம் மிதவைக்கு உள்ளே, கரையை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தது. பேசத்தான் முடியும். ஆனால் தனியாகப் பேச முடியாது. மிதவைகளின் பலத்தை மிச்சப்படுத்த, குரல் எல்லாம் ஒரே பொதுத் தடத்தில்தான் போகும். விழித்திருக்கிற அத்தனை பெட்டியிலும் கேட்கும்.

ஜெனோவா ஒலிவாங்கியை எடுத்தாள். நாலு நாள் தூக்கமில்லாத குரல் அவளுக்கே யாருடையதோ போலிருந்தது. அண்ணனிடம் பெட்டி இல்லை என்பதைச் சொன்னாள். மிதவையில் இன்னும் மூன்று நிமிடக் குரலுக்குத்தான் பலம் என்பதையும் சொன்னாள்.

“காஸ்பர் அண்ணே. விடிவெள்ளி எங்க நிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

இரைச்சல். பத்து நொடி. இருபது. ஊமையாகிப்போன அந்தத் தடத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய விதிப்படி இது வேலையற்ற நேரம். ஒரு மனிதன் தன் பேர், கரை, பிள்ளைகள் எல்லாவற்றையும் தராசுத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் என்று பெட்டிக்குச் சொல்லித்தர அவளுக்கு வழி தெரிந்திருக்கவில்லை.

“தெரியும்” என்றது குரல். “ரெண்டு வருசமா தெரியும். ஒரு தடவ வெளக்க அணச்சிட்டுப் பின்னால போனேன்.”

யாரோ ஒரு படகுக்காரர் பொதுத் தடத்தில் ஏதோ முனகினார். காஸ்பர் அதைக் கண்டுகொள்ளாமல் தொடர்ந்தான். “ஆனா நான் ரொம்ப உள்ள வந்துட்டேன் பிள்ள. திரும்பிப் போனா ரெண்டரை மணி நேரம். காத்து முந்திரும். பவளம் படகு அவனுக்கு ஒரு மணி தூரத்துல இருக்கும். எடத்தச் சொன்னா மிக்கேல் போயிருவான்.” கொஞ்சம் நிறுத்தி, “எடத்த இதுல சொல்லவா? எல்லாரும் கேக்குதாவ. அப்புறம் அது பாரா இருக்காது. வீட்டுல உள்ளவுக சொல்லட்டும்.”

ஜெனோவா மதினியைத் திரும்பிப் பார்த்தாள். ததேயுவின் தகப்பன் அவனுக்குச் சொன்ன பார். அவருக்கு அவர் தகப்பன் சொன்னது. இரண்டு பிள்ளைகளின் படிப்பு, வீடு, வரப்போகும் பத்து வருடம் எல்லாம் அந்தப் பாறைத்திட்டின் மேல்தான் நின்றது. இப்போது அந்த ஆறு பேரும்.

அமலோற்பவம் ஒலிவாங்கியைக் கையில் வாங்கவில்லை. குனிந்து, அதன் அருகில் வாயை வைத்து, ஏதோ குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

“சொல்லிப்போடு காஸ்பரு.”

அவன் சொன்னான். கோயில் கோபுரமும் உப்பள டவரும் ஒன்றையொன்று மறைக்கிற கோட்டில் இத்தனை மைல், பத்தாம் மிதவைக்குக் கிழக்கே இத்தனை, பதினெட்டுப் பாகம் ஆழம், மேற்கே சரிவு, சரிவின் நுனியில் நங்கூரம் பிடிக்கும். தேவைக்கு அதிகமாகவே சொன்னான். அத்தனை துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தான். முப்பத்துமூன்று படகுகளில் ஒன்றுகூட குறுக்கே பேசவில்லை. பவளத்திலிருந்து மிக்கேல் ‘போறேன்’ என்று மட்டும் சொன்னான். சற்று நேரத்தில் ஒன்பதாம் மிதவை அணைந்தது.

ஐந்தே காலுக்கு, கடல் கறுத்துப் பொங்கத் தொடங்கியபோது, பவளமும் விடிவெள்ளியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை ஏறின. ஆறு பேரும் இருந்தார்கள். மணலில் இறங்கியதும் ததேயு யாரையும் பார்க்காமல் நேரே ஜெனோவாவிடம் வந்தான். மிக்கேல் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

கொஞ்ச தூரத்தில், முன்னமே கரை சேர்ந்துவிட்ட காஸ்பர் தன் படகின் மூக்கைப் பிடித்து இன்னும் ஒற்றை ஆளாக மணலில் இழுத்துக்கொண்டிருந்தான். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. ஒவ்வோர் அலையும் அவன் இழுத்ததைத் திரும்ப இழுத்தது.

“சொல்லச் சொன்னது யாரு?” என்றான் ததேயு.

“நான்தான்” என்றாள் அமலோற்பவம்.

அவன் மனைவியைப் பார்க்கவில்லை. காற்று மணலை வாரி எல்லோர் முகத்திலும் அடித்தது. அவன் தங்கையிடம், தாழ்ந்த குரலில், ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“எத்தன பேரு கேட்டாவ?”

பொய் சொல்லலாம் என்று ஜெனோவாவுக்குத் தோன்றியது. பாதிப் பெட்டிகள் அந்நேரம் தூங்கிப்போயிருந்தன என்று சொன்னால் அவன் நம்புவான். அவளுக்குக் களைப்பாக இருந்தது.

“எல்லாரும்தான் அண்ணே” என்றாள். “அத்தன பேரையும் நான்தான் எழுப்பி வச்சிருந்தேன்.”

ததேயு தலையை ஆட்டினான். பிறகு நடந்து போய், காஸ்பர் படகின் மறுபக்கத்தில் கையைக் கொடுத்தான்.